மேலே இருந்த தீர்ப்பு

நீதிபதி வெண்டல் ஓஸ்ட்பியிடம் மூன்று வருஷம் கிளார்க்காக இருந்தேன். கிளார்க் என்றதும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடுகிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். சட்டம் படித்து, வக்கீல் பரீட்சையும் பாஸ் செய்துவிட்டு, ஜட்ஜின் பக்கத்து அறையில் உட்கார்ந்து அவருக்காகப் படித்து அவருக்காக எழுதுகிற உத்தியோகம். எழுதுவது நான், கையெழுத்து அவர். ஊர் அதை ஓஸ்ட்பியின் தீர்ப்பு என்று சொல்லும். நானும் அப்படியே சொல்ல வேண்டும். அந்த அறையில் நடக்கிற எதுவும் வெளியே போகாது என்று, சேர்ந்த அன்றே வலது கையைத் தூக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கிக்கொள்வார்கள்.

இதோ, வெளியே விடுகிறேன். என்னிடமிருந்து பிடுங்குவதற்கு இனி அவர்களுக்கு ஒன்றும் மிச்சமில்லை.

எங்கள் ஊர் ஆல்டர் ஃபால்ஸ், அமெரிக்காவில் மினசோட்டாவின் வடகோடி. இரும்புச் சுரங்கத்தை மூடின பிறகு ஊரில் மிஞ்சிய பெரிய கட்டடம் கோர்ட்டு ஒன்றுதான். அதன் இரண்டாவது மாடியில் நாங்கள் மூன்று பேர். ஊர் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஜட்ஜ், நான், லோர்னா ஸ்குபிக். லோர்னா கோர்ட்டில் பேசப்படுகிற ஒவ்வொரு வார்த்தையையும் சுருக்கெழுத்து மெஷினில் தட்டி எடுப்பவள். முப்பத்தொரு வருஷ சர்வீஸ். வாய் மட்டும் மெஷினைவிட வேகம்.

ஓஸ்ட்பிக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த மனு வந்தாலும் ஒரு தீர்ப்பு எழுதினால் போதாது, இரண்டு எழுத வேண்டும். முதல் வாரமே என் குடும்பப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

“இங்க பாரும்மா பெல்ட்டோ. ஒண்ணு மனுவை ஏத்துக்கிட்டு எழுது, இன்னொண்ணு தள்ளுபடி பண்ணி எழுது. ரெண்டும் சரிசமமா இருக்கணும். நீ எந்தப் பக்கம்னு எனக்கு வாசனைகூட அடிக்கக் கூடாது. ஏத்துக்கறது மேல, தள்ளுறது கீழ. நான் படிச்சுப் பாத்து ஒண்ணுல கையெழுத்துப் போடுவேன். இன்னொண்ணை அன்னிக்கே கிழிச்சுடு. கம்ப்யூட்டர்லயும் இருக்கக் கூடாது.”

ஆரம்பத்தில் எனக்குப் பிடிக்காத பக்கத்தை ஒப்புக்கு எழுதிக் கொண்டுபோய் வைத்தேன். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மேசைமேல் போட்டார். “இது நோஞ்சானா இருக்கு. தீனி போட்டுக் கொண்டா” என்றார். தீனி போடக் கற்றுக்கொண்டேன். ஒரு வருஷத்தில் எந்தப் பொய்க்கும் பால் கொடுத்து நிமிர்த்தி நிற்க வைக்கிற அளவுக்குத் தேறிவிட்டேன். லோர்னா கேட்பாள்: “ஏன்டி, நாக்கு ரெண்டாப் பிளந்திருக்கா? நீட்டு, பாப்போம்.” எனக்குச் சிரிப்பாக இருக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் இன்றைக்கும் என் வயிற்றெரிச்சல்.

மூன்றாம் வருஷம் டேல் வுகெலிச்சின் மனு வந்தது. மறு விசாரணை கேட்டு.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், மார்ச் மாதம் ஒரு விடியற்காலை, ஏரிச் சாலையில் இருந்த அவருடைய டிரெய்லர் வீடு, சக்கரம் வைத்த தகர வீடு, எரிந்துபோனது. உள்ளே அவர் மகள் டெஸ்ஸா. ஆறு வயசு. முந்தின நாள் சண்டை போட்டுக்கொண்டு மனைவி அக்காள் வீட்டுக்குப் போயிருந்தாள். டேல் வெளியே பனியில் கிடந்தார், நல்ல போதையில். எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது என்றார். தீ விசாரணை அதிகாரி தரையில் இருந்த கருகல் தழும்பைக் காட்டி, இது பெட்ரோல் ஊற்றின தடம் என்றார். வாசல் படிக்கட்டில் ஒரு இரும்பு பெட்ரோல் கேன் நின்றிருந்தது. ஜூரிக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. முப்பது வருஷம் தண்டனை.

அக்டோபரில் இரண்டு நாள் விசாரணை நடந்தது. டேலின் வக்கீல் நோரா ப்ளாம்கிரென், தீயைப் பற்றியே வாழ்நாளெல்லாம் படித்த ஒரு கிழவரைக் கூண்டில் ஏற்றினாள். அறை முழுக்க ஒரே மூச்சில் பற்றிக்கொண்டால் பெட்ரோல் ஒரு சொட்டு இல்லாமலே அதே தழும்பு விழும், அன்றைக்கு இது பலருக்குத் தெரியாது என்றார் அவர். அப்புறம் பழைய தீ விசாரணை அதிகாரியை ஏற்றினார்கள். தரையைச் சுரண்டிப் பெட்ரோல் இருக்கிறதா என்று சோதித்தீர்களா என்று நோரா கேட்டாள். “எதுக்கு? என் மூக்கே போதும்” என்றார் அந்த ஆள். ஓஸ்ட்பியின் கழுத்து சிவந்ததை நான் பார்த்தேன்.

அறைக்குள் வந்து அங்கியைக் கழற்றி மாட்டும்போதே வெடித்தார். “மூக்கை வெச்சு ஒருத்தனை உள்ள தள்ளியிருக்கான்யா! பதினோரு வருஷம்! இவனுக்கு மறு விசாரணை குடுத்தே ஆகணும்.” லோர்னா ஓரத்தில் சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் காதிலும்தான் விழுந்தது. ஜட்ஜ் என் பக்கம் திரும்பி, “வழக்கம்போல ரெண்டும் எழுது. ஆனா எதுல போடப்போறேன்னு உனக்கே தெரியும்” என்றார்.

ஏற்கிற தீர்ப்பு நாலே நாளில் முடிந்தது. நியாயம் கூடவே இருந்தால் எழுத்து தானாக ஓடும். தள்ளுகிற தீர்ப்புதான் என்னைச் சப்பிப் போட்டுவிட்டது. பிடிக்க ஒரு கொம்பு இல்லை. மூக்கு அதிகாரியை வைத்துக்கொண்டு எப்படி எழுதுவது? பழைய விசாரணையின் ஆயிரத்து நூறு பக்கத்தையும் முதலிலிருந்து படித்தேன். யாரும் கேட்காத வேலை. அறுநூற்று நாற்பதாம் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் போகிற போக்கில் சொல்லியிருந்தார்: கேன் படியில் நின்றிருந்தது, மூடி இல்லை. சாம்பலில் எடுத்த பொருள்களின் பட்டியலைப் பார்த்தேன். அதிலும் மூடி இல்லை. அப்படியானால் யாரோ திறந்து வீசியிருக்க வேண்டும் என்று வாதாடலாம். அரசு வக்கீலே கவனிக்காத விஷயம். நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தேன், வெட்கமில்லாமல்.

அதே கம்பெனி கேனின் புகைப்படம் சான்றுகளில் இருந்தது. மூடி பிளாஸ்டிக். படிக்கட்டே கருகியிருக்கிறது, பிளாஸ்டிக் எப்படி மிஞ்சும்? உருகிப் போயிருக்கும். இதை ஏற்கிற தீர்ப்பில் எழுதினேன். தள்ளுகிற தீர்ப்பில் எழுதவில்லை. அதற்குப் பதில் இப்படி எழுதினேன்: “போதையில் நினைவிழந்த ஒருவர், தான் ஊற்றவில்லை என்று உளமார நம்பலாம். ஆனால் அவருக்கு நினைவில்லாத அந்த நேரத்தில் ஒரு கை அந்த மூடியைத் திறந்திருக்கிறது. அந்தக் கை யாருடையது என்று சொல்ல அந்த வீட்டில் வேறு எவரும் இல்லை.”

எழுதிவிட்டு மூன்று தடவை படித்துப் பார்த்துக்கொண்டேன். அழகாக இருந்தது.

நவம்பர் எட்டாம் தேதி, வெள்ளி. மறுநாள் மான் வேட்டை ஆரம்பம். அன்றைக்கு எங்கள் ஊரில் மத்தியானத்துக்கு மேல் எவனும் வேலை செய்ய மாட்டான். கோர்ட்டுத் தாழ்வாரத்தில்கூட வேட்டைக்காரர்களின் ஆரஞ்சுச் சட்டைகள்தான் திரிந்தன. நான் சாப்பாட்டு நேரத்தில் தள்ளுகிற தீர்ப்பை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு, அந்த மூடி வரியைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு கமாவை எடுத்தேன், திரும்பப் போட்டேன். அப்படியே ஃபைலுக்குள் வைத்தேன். மேலே.

மூன்றரை மணிக்கு ஜட்ஜ் ஆரஞ்சுக் கோட்டோடு வந்தார். கீழே வண்டி உறுமிக்கொண்டிருந்தது, மச்சான்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

“வுகெலிச் தயாரா?”

“தயார் சார்.”

“நேத்தே டிராஃப்டைப் படிச்சுட்டேன். மேல இருக்கறதுதானே?”

“ஆமா சார், மேல இருக்கறதுதான்.”

முந்தின நாள் அவர் படித்தது ஏற்கிற தீர்ப்பை. கடைசிப் பக்கத்தைத் திருப்பினார், நான் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். இரண்டு தீர்ப்புக்கும் கடைசிப் பக்கம் ஒன்றுதான்: “மேற்கண்டவாறு உத்தரவிடப்படுகிறது.” அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. நானே கீழ்மாடிக் கோர்ட்டு ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாலு மணிக்கு முன்னால் இரண்டு வக்கீல்களுக்கும் போய்விட்டது. மேலே வந்து, மிச்சமிருந்த காகிதக் கட்டை முதல் பக்கம்கூடப் பார்க்காமல் கிழிக்கிற மெஷினில் விட்டேன். கம்ப்யூட்டரிலும் தள்ளுகிற தீர்ப்பை அழித்தேன். நல்லது நடந்துவிட்டது என்ற நினைப்பில் வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை காலை பெட்ரோல் பங்கில், வண்டி மேல் மானைக் கட்டிக்கொண்டு நின்ற ஒருவன் என்னை அடையாளம் கண்டு கத்தினான்: “உங்க ஜட்ஜு சரியான ஆம்பளைங்க! அந்தப் பிள்ளைக்கொல்லியை வெளிய விடலை பாருங்க!” இவன் ஏதோ உளறுகிறான் என்றுதான் நினைத்தேன். போனை எடுத்துப் பார்த்தேன். உள்ளூர்ப் பத்திரிகையில் ஓஸ்ட்பியின் படம். மறு விசாரணை இல்லை. மூடியைப் பற்றின என் வரியை அப்படியே கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். ஜட்ஜின் வேட்டைக் குடிசையில் போன் எடுக்காது. திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

திங்கள் காலை அவர் சிரித்துக்கொண்டே வந்தார். “எட்டுக் கிளைக் கொம்பு, பெல்ட்டோ! எட்டு!”

“சார், வெள்ளிக்கிழமை தப்பான தீர்ப்புல கையெழுத்து விழுந்துடுச்சு. என் தப்புதான். மேல மாத்தி வெச்சுட்டேன்.”

சிரிப்பு நின்றது. மேசையில் சனிக்கிழமைப் பத்திரிகை கிடந்தது, அவருடைய படம் மேலே இருக்கும்படி மடித்து. “கொண்டா அந்தத் தீர்ப்பை” என்றார். பதினெட்டு பக்கம். நின்றுகொண்டே இருந்தேன். படிக்கப் படிக்க அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது.

“இந்த மூடி விஷயத்தை யாருமே எங்கிட்ட சொல்லலையே?”

“நான்தான் தேடிப் பிடிச்சேன் சார். ஆனா அது வந்து...”

“பிரமாதம்.”

அந்த ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு நொடி, குளிர்ந்துபோனேன்.

“சார், அது பிளாஸ்டிக் மூடி. உருகிப் போயிருக்கும். ஏத்துக்கற தீர்ப்புல எழுதியிருக்கேன், நீங்க படிச்சீங்க.”

“அடிக்குறிப்புல ஏதோ இருந்தது. இதுல இல்லையே.”

“இது எதிர்ப்பக்கம் சார்! நீங்கதானே சரிசமமா இருக்கணும்னு சொல்வீங்க? உங்க முடிவு மறு விசாரணை குடுக்கறதுதானே? இங்கதான் சொன்னீங்க, இதே எடத்துல.”

“குடுக்கலாம்னு தோணுதுன்னு சொன்னேன். ஜட்ஜுக்கு ஆயிரம் தோணும். இப்பப் படிச்சேன். இது எனக்கு ஒப்புது.”

“கை தவறிப் போட்ட கையெழுத்தைத் திருத்த விதி இருக்கு சார். ஒரே ஒரு பக்கம். நானே எழுதறேன், தப்பு என்னோடதுன்னே எழுதறேன்.”

எழுந்து கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார். “எழுதி? என்ன காகிதத்துல கையெழுத்துப் போடறோம்னு தெரியாமப் போடறான் ஓஸ்ட்பின்னு ஊர் சிரிக்கட்டுமா? மான் வேட்டை அவசரத்துலன்னு? அடுத்த வருஷம் நவம்பர்ல ஜட்ஜ் பதவிக்கு எலெக்‌ஷன். இத்தனை வருஷத்துல மொத தடவையா எனக்கு எதிரா ஒருத்தன் நிக்கறான். அதை விடு. இதுவரைக்கும் நான் போட்ட ஒவ்வொரு கையெழுத்தையும் வக்கீலுங்க தோண்டுவானுங்க. எத்தனை பேர் உள்ள இருக்கான்னு உனக்குத் தெரியுமா?” திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். “மேல் கோர்ட்டு இருக்கில்ல? அறுபது நாள் இருக்கு. தப்புன்னா அவங்க சரி பண்ணட்டும். அதுக்குத்தானே அவங்க இருக்காங்க.”

லோர்னாவிடம் ஓடினேன். அன்றைக்கு ஜட்ஜ் சொன்னதை நீங்களும் கேட்டீர்கள், நீங்கள் சொன்னால் அவரால் மறுக்க முடியாது என்றேன். அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“மெஷின் ஓடாதப்போ என் காது கேக்காது, கண்ணு. இத்தனை வருஷமும் அப்படித்தான் காலம் தள்ளியிருக்கேன். ரிடையராக இன்னும் பதினாலு மாசம் இருக்கு. நீ சின்னவ, உனக்கு வேற வேலை கெடைக்கும்.”

“ஒருத்தர் ஜெயில்ல இருக்கார் லோர்னா.”

“தெரியும். இல்லாட்டி இந்தக் கட்டடம் எதுக்குடி?”

நானும் அவர்களைவிடப் பெரிய யோக்கியம் இல்லை. கம்ப்யூட்டரில் மிஞ்சியிருந்த ஏற்கிற தீர்ப்பை ஒரு பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன், அவ்வளவுதான் என் வீரம். மேல் கோர்ட்டு இருக்கிறது, நோரா விட மாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தினமும் வேலைக்குப் போனேன். வேறு மனுக்களுக்கு இரண்டு இரண்டாகத் தீர்ப்பு எழுதினேன்.

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள், ஜெயில் முத்திரையோடு ஜட்ஜ் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. கைதிகளின் கடிதத்தைப் பிரிப்பது கிளார்க் வேலை. வழக்கில் ஒரு தரப்பு தனியாக எழுதுவதை ஜட்ஜ் படிக்கக் கூடாது. கிளார்க் முத்திரை குத்தி, இரண்டு தரப்பு வக்கீலுக்கும் பிரதி அனுப்ப வேண்டும். பிரித்தேன். பென்சிலால் எழுதியிருந்தது.

“மதிப்பிற்குரிய ஜட்ஜ் ஐயாவுக்கு, டேல் வுகெலிச் எழுதுவது. உங்கள் தீர்ப்பை ஆறு தடவை படித்தேன். முதலில் கோபம் வந்தது. மேல் கோர்ட்டுக்குப் போகலாம் என்று என் வக்கீல் சொல்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருஷமாக எல்லாரும் நீதான் செய்தாய் என்றார்களே தவிர, எப்படி என்று எனக்கு யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். அந்த மூடியைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. இப்போது வேறு எதையும் யோசிக்க முடியவில்லை. கண்ணை மூடினால் என் கை அதைத் திருகுவது தெரிகிறது. நினைவு வந்து தெரிகிறதா, நீங்கள் எழுதியதால் தெரிகிறதா என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் தெரிகிறது. டெஸ்ஸாவின் அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாக யாராவது சொன்னால் நல்லது. உங்கள் நேரத்துக்கு நன்றி.”

கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு ஜட்ஜின் முன்னால் போய் நின்றேன்.

“வுகெலிச் எழுதியிருக்கார் சார். மேல் கோர்ட்டுக்குப் போகலையாம். தானே பண்ணினதா நம்ப ஆரம்பிச்சுட்டார்.”

கையை உயர்த்தித் தடுத்தார். “சொல்லாதே. ஒரு தரப்புக் கடிதம். என் காதுல விழக்கூடாது.”

“விழுந்துடுச்சே சார்.”

“ரெண்டு பேருக்கும் காப்பி அனுப்பு. விதிப்படி.”

“அனுப்பினா அரசு வக்கீல் இதைக் குத்த ஒப்புதல்னு எடுத்து வெச்சுக்குவார். அப்புறம் அந்த மனுஷனுக்கு ஜென்மத்துக்கும் வழி கிடையாது.”

நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். “தானே பண்ணினேன்னு ஒருத்தன் சொல்றான்னா பண்ணியிருப்பான்மா” என்றார். அவர் குரலில் எவ்வளவு நிம்மதி தெரியுமா? நாசமாய்ப் போக.

முத்திரை குத்தவில்லை, பிரதி எடுக்கவில்லை. கடிதத்தையும், வீட்டில் இருந்த ஏற்கிற தீர்ப்பையும் எடுத்துக்கொண்டு, தெருவைத் தாண்டி நோரா ப்ளாம்கிரெனின் ஆபீசுக்குப் போனேன். நோரா ஐம்பது வயசுக்காரி. ஹீட்டர் சரியில்லாத அறையில் கோட்டோடு உட்கார்ந்து வேலை செய்கிறவள். நடந்ததையெல்லாம் சொன்னேன். நின்றபடியே தீர்ப்பைப் படித்தாள்.

“நீ இப்ப எங்கிட்ட நீட்டினது என்னன்னு தெரியுதா? உன் வக்கீல் லைசென்ஸை.”

“தெரியும்.”

“பைத்தியக்காரி. இதை மொத வாரமே கொண்டுவந்திருக்கக் கூடாதா?” அவள் காலண்டரைப் பார்த்தாள். “ஏழாம் தேதியோட கெடு முடியுது. அப்பீல் வேண்டாம்னு எழுதியே குடுத்திருக்கார். அவர் கையெழுத்து இல்லாம ஒரு துண்டுக் காகிதம்கூட என்னால தாக்கல் பண்ண முடியாது. பாக்கறதுக்கு அனுமதி வாங்கறேன். நீ வா. உன் வாயாலயே சொல்லு.”

அனுமதி ஜனவரி ஆறாம் தேதிக்குத்தான் கிடைத்தது. தெற்கே மூன்று மணி நேரப் பயணம். அன்றைய குளிரில் கார் கண்ணாடி உள்பக்கமும் உறைந்தது.

டேல் வுகெலிச்சைக் கோர்ட்டில் தூரத்திலிருந்து பார்த்ததுதான். பக்கத்தில் பார்த்தால், பெரிய எலும்பு, அதன்மேல் சட்டை மட்டும் தொங்கியது. ஒரு பிளாஸ்டிக் உறையைக் கையில் வைத்திருந்தார். உள்ளே என் பதினெட்டு பக்கம், ஓரமெல்லாம் நைந்து, வரிக்கு வரி பென்சில் கோடு போட்டு.

“டேல், இவங்க கோர்ட்டுலேர்ந்து வந்திருக்காங்க. அந்தத் தீர்ப்பை எழுதினவங்க இவங்கதான்” என்றாள் நோரா.

அவர் எழுந்து நின்று கை கொடுத்தார். “ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்கம்மா. எனக்கே புரிஞ்சுது.”

அந்தக் கையைப் பிடித்தேன். பிடித்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஜட்ஜ் மறு விசாரணை கொடுக்க நினைத்ததை, இரண்டு தீர்ப்பை, மேலே மாற்றி வைத்ததை. ஏற்கிற தீர்ப்பை அவர் முன்னால் வைத்தேன். விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். நோரா சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுல மூடி உருகிப்போச்சுன்னு போட்டிருக்கு.”

“ஆமா. அதுதான் உண்மை. அந்தக் கேனோட போட்டோ இருக்கு, பிளாஸ்டிக் மூடி. உங்க கை எதையும் திருகலை.”

“அப்ப அதுல ஏன் அதை எழுதலை?”

“அது உங்களுக்கு எதிரா எழுத வேண்டிய காகிதம். எழுதியிருந்தா அது நிக்காது.”

“நிக்கணும்னு விட்டுட்டீங்க.”

“ஆமா.”

தலையை ஆட்டினார். கோபம் வந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். ஏதோ கணக்கு வாத்தியாரிடம் சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

“அதை எழுதறப்ப நீங்க நம்பலையா?”

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. மூன்று வருஷம் எந்தப் பக்கம் கேட்டாலும் வளைத்து வளைத்து எழுதிய எனக்கு, அந்த ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. அவரிடமாவது பொய் சொல்லக் கூடாது என்று நினைத்தேன், பாவி.

“எழுதறப்ப ரெண்டையும் நம்பினேன்” என்றேன்.

நோரா கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு அப்பீல் மனுவையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளினாள். “டேல், ஒரே ஒரு கையெழுத்து. மீதியை நான் பாத்துக்கறேன். கெஞ்சிக் கேக்கறேன்.”

அவர் பேனாவைத் தொடவில்லை. “தெனம் காலைல எழுந்து, நான் பண்ணலை, நான் பண்ணலைன்னு சொல்லிக்கணும் நோரா. யாரும் நம்பாததை ஒருத்தன் எத்தனை வருஷம் தனியா நம்புறது? இப்ப ஒரு மாசமா சொல்லிக்கறதில்லை. படுத்தாத் தூக்கம் வருது.”

“அது பொய்யான தூக்கம்” என்றேன். “நீங்க பண்ணலை. நான் ஃபைல் முழுக்கப் படிச்சவ, சொல்றேன், நீங்க பண்ணலை.”

“இருக்கலாம்மா. நீங்க எதைச் சொன்னாலும் நம்புற மாதிரிதான் சொல்றீங்க.”

இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஓரத்தை ஒழுங்கு பண்ணினார். இரண்டின் கடைசிப் பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். நான் கொண்டுபோயிருந்ததை எடுத்து, மடங்கியிருந்த மூலையை நீவிவிட்டு, என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

“இதுல ஜட்ஜ் கையெழுத்து இல்லையே” என்றார்.

மற்றதை உறைக்குள் போட்டு எடுத்துக்கொண்டு, காவலரோடு உள்ளே போனார்.